நாற்காலித் தரை

இதில் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்றால் தலை இப்போது முழு வழுக்கை. சத்தியம் நிற்கவில்லை, வழுக்கி விழுந்துவிட்டது என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். அதனால் என் வலது கையின் மேல் சத்தியம் செய்கிறேன். கம்பள ஆலையில் காலம் முழுக்க ஊசிக்கு நூல் கோத்த கை அது. அந்தக் கை பொய் சொன்னதே கிடையாது. வாயைப் பற்றி எனக்குத் தெரியாது. கைக்கு நான் பொறுப்பு.

எங்கள் ஆலைக்கு இரண்டு வயிறு. ஒரு வயிறு காலி பாட்டில்களைத் தின்னும். அவற்றைக் கழுவி, நொறுக்கி, உருக்கி, நூலாக இழுத்து, அந்த நூலைக் கம்பளமாக்குவோம். இன்னொரு வயிறு எதைப் போட்டாலும் தின்னும்: உடைந்த வாளி, விரிசல் விட்ட குடம், கை போன பொம்மை. அதையெல்லாம் அரைத்து, உருக்கி, அச்சில் அழுத்தித் தரையில் பதிக்கும் பலகைகளாக வெளியே தள்ளுவோம். வேண்டாம் என்று போன வருஷம் தெருவில் எறிந்ததை, இந்த வருஷம் அதே ஆள் ஆசையாக வாங்கிப்போய்த் தன் வீட்டுக் கூடத்தில் பதித்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார்.

நான் ஓட்டியது ஊசி மெஷின். கம்பளத்தின் அகலம் முழுக்க வரிசையாக ஊசிகள். எல்லாம் ஒரே மூச்சில் இறங்கும், ஒரே மூச்சில் ஏறும். அதனால் எனக்கு ‘ஊசி’ என்றே பேர் விழுந்துவிட்டது. என்னைப் பெற்றவர்கள் வைத்த பெயரை அந்த ஆலையில் ஒருவரும் கேட்டதில்லை. நூலிலிருந்து பறக்கும் பஞ்சு எங்கள் புருவத்தில் ஒட்டிக்கொள்ளும். நீலம் ஓடிய நாளில் நீலப் புருவம், சிவப்பு ஓடிய நாளில் சிவப்புப் புருவம். வீடு திரும்பும்போது தெருமுனைக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “இன்னைக்கு மஞ்சளா? யார் வீட்டுக்குப் போகுது?” என்பார். பச்சை ஓடிய ஒரு நாள் எங்கள் பாரம் தூக்குகிறவர் மரத்தடியில் கண்ணயர்ந்தபோது ஆடு ஒன்று வந்து அவர் புருவத்தை மேய்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவருக்கு ஒரு புருவம்தான். பாதி ஆச்சரியத்தோடேயே காலத்தை ஓட்டினார்.

கம்பளத்தின் முதுகில் பூசும் பசைக்குப் புளித்த பாலும் நனைந்த நாயும் சேர்ந்த ஒரு வாடை. அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் நாங்கள் மதியம் சாப்பிடுவோம். இப்போதும் எங்காவது அந்த வாடை வந்தால் எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. உலகத்தில் எத்தனையோ நல்ல மணம் இருக்கிறது. ஆனால் மூக்கு நன்றியுள்ள பிராணி. சோறு போட்ட இடத்தை மறக்காது.

அவள் இருந்தது பாட்டில் கொட்டகையில். பாட்டிலும் அதன் மூடியும் ஒரே சாதிப் பிளாஸ்டிக் இல்லை. சேர்த்து உருக்கினால் நூல் இழுக்கும்போது அறுந்துபோகும். அதனால் மூடியைத் திருகித் தனியாக எடுப்பதற்கென்றே ஒரு வரிசைப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் விரலைச் சுழற்றுவது கண்ணுக்குத் தெரியாது. மூடி தகரத்தில் விழும் சத்தம்தான் கேட்கும். ஓட்டின் மேல் பெருமழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணியை எடுத்துவிடுவார்கள். அவளை எல்லோரும் ‘மூடி’ என்றே கூப்பிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனாலே மற்ற பெண்கள், “ஜாடி வருது, ஜாடி வருது” என்பார்கள். ஜாடிக்கேற்ற மூடி என்று ஊரே ஒப்புக்கொண்ட விஷயம். ஒப்புக்கொள்ள வேண்டிய ஒருவர் மட்டும் பாக்கி. அவர்தான் அவளைப் பெற்றவர், எங்கள் மேஸ்திரி.

மேஸ்திரிக்குக் ‘கம்பம்’ என்று பேர். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடி சாப்பிடுவார், நின்றபடி செருப்பு மாட்டுவார், பஸ்ஸில் இடம் காலியாக இருந்தால் அதற்குக் காவல் நிற்பார். வீட்டில் ஏணியைப் போலச் சுவரில் சாய்ந்து தூங்குவார் என்று சொன்னார்கள். ‘நான் உக்காந்தா மெஷினும் உக்காந்துடும்’ என்பது அவர் கொள்கை. கெட்ட மனுஷர் இல்லை, தங்கமானவர். ஆனால் எந்த இடத்திலும் ஒரு பாதி வாக்கியத்துக்கு மேல் தங்கமாட்டார். நாம் மிச்சப் பாதியைச் சொல்லும்போது அடுத்த மெஷினுக்குப் போயிருப்பார். பசை பூசுகிறவர் ஒருமுறை, “மேஸ்திரி, எனக்கு நாளைக்கு லீவு” என்று ஆரம்பித்தார். “வேணாமா? ரொம்ப சந்தோஷம்” என்று மேஸ்திரி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நானும் பல காலமாக முயன்றுகொண்டிருந்தேன். அவர் என் மெஷின் பக்கம் வரும்போதெல்லாம், “ஐயா, நான் உங்க” என்பேன். அவர் போய்விடுவார். மறுநாள், “ஐயா, நான் உங்க”. போய்விடுவார். இப்படியே கோடையும் மழையும் மாறி மாறி வந்தன.

“உங்களுக்கு வாய் இருக்க வேண்டிய இடத்துல ஊசி இருக்கு. நூலைத்தான் காணோம்” என்பாள் மூடி.

“ஓடிக்கிட்டே இருக்கிறவர்கிட்ட எப்படிப் பேசறது? நீயே சொல்லிப் பாரேன்.”

“வீட்ல மட்டும் நிக்கிறாரா? ‘அப்பா, எனக்கு’ன்னு ஆரம்பிச்சேன். துணி எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டார். அடுத்த நாள் ‘அப்பா, அந்த ஊசி’ன்னேன். தையல் ஊசி வாங்கிட்டு வந்துட்டார்.”

அந்த நேரத்தில்தான் வெளியூர்க் குடும்பம் ஒன்று அவளைப் பெண் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் விவரமானவர்கள். நடந்துகொண்டே பேசப் பழகியவர்கள் என்று கேள்வி. ஞாயிறுக்குள் அவரை ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசி முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் எனக்கில்லை. விஷயம் அவ்வளவுதான்.

இங்கே எங்கள் தரைப் பலகை வேலையின் ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். எந்தப் பொருளையும் தனியாக அரைத்து ஊற்றக்கூடாது. வாளியோடு கூடை, கூடையோடு குழாய், குழாயோடு பொம்மை என்று கண்டதையும் கலந்தே ஊற்றவேண்டும். கலப்படம் செய்யாததற்காகத் திட்டு வாங்குகிற ஒரே தொழிற்சாலை உலகத்தில் எங்களுடையதுதான். காரணம் இருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பிளாஸ்டிக்குக்குச் சுடுகாடும் கிடையாது. அதனால் அதன் பழக்கம் போவதற்கு வழியே இல்லை. ஆரம்ப காலத்தில் இது தெரியாமல் வெறும் செருப்புகளை மட்டும் அரைத்து ஒரு வீட்டுக்குத் தரை போட்டோம். காலையில் பார்த்தால் தரை முழுவதும் வாசலுக்கு வெளியே ஒழுங்காகக் கிடந்தது. செருப்புக்கு வீட்டுக்குள் வரும் பழக்கம் ஏது? இன்னொரு வீட்டில் வெறும் தண்ணீர்க் குடங்களில் செய்த தரை. கோடைகாலம் வந்ததும் விடியும் முன்னே தெருக்குழாயடியில் போய் வரிசையில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் முதலாளி கலவைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கலந்துவிட்டால் ஒன்றின் புத்தியை இன்னொன்று அடக்கிவிடும். பெரிய குடும்பங்களில் நடப்பதுதான்.

எப்போதும் கலப்பதில் ஒரு குறை உண்டு. எத்தனை நிறம் போட்டாலும் கடைசியில் வருவது ஒரே நிறம், சேற்றில் புரண்ட எருமை நிறம். அந்த வாரம் ஒரு பெரிய ஹோட்டலுக்குத் தரை வாங்குகிறவர்கள், பலகைகளைப் பதித்துக் காட்டும் எங்கள் மாதிரி அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. எருமையைக் காட்டி எப்படி வியாபாரம் பண்ணுவது என்று முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு கல்யாண மண்டபத்தை இடிக்கப்போகிறார்கள் என்று அங்கிருந்த நாற்காலிகள் அத்தனையும் லாரியில் வந்து இறங்கின. ஒரே மாதிரி, ஒரே அரக்கு நிறம், ஒரு கறை இல்லை. தரம் பிரிக்க ஆள் போதாமல் மூடியை அந்தக் கொட்டகைக்கு அனுப்பியிருந்தார்கள். பாட்டில் கொட்டகையில் எது எதோடும் கலக்கக்கூடாது என்பதுதான் வேதம். கை அந்தப் பழக்கத்தில் வேலை செய்துவிட்டது. வேறெதையும் சேர்க்காமல் நாற்காலிகளை மட்டும் அரவைக்குத் தள்ளிவிட்டாள்.

பலகைகள் வெளியே வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தோம். அப்படி ஓர் அரக்கு. எங்கள் ஆலையில் அதுவரை அழகான பொருள் எதுவும் பிறந்ததில்லை. அன்றைக்கே மாதிரி அறையில் பதித்துவிட்டார்கள். பதிக்கிறவர் உட்கார்ந்தபடியே வேலையை முடித்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தரை பதிக்கிறவர் வேறு எப்படி வேலை செய்வார்?

மறுநாள் காலையில் பெருக்குவதற்கு உள்ளே போன அம்மா வெளியே வரவில்லை. அவரைத் தேடிப்போன கணக்கர் வரவில்லை. அவருக்கு டீ கொண்டுபோன டீக்காரர் வரவில்லை. “வேலை நேரத்துல எல்லாரும் எங்கய்யா போய்த் தொலையறீங்க” என்று கத்திக்கொண்டு முதலாளி உள்ளே போனார். அவர் குரல் பாதியில் நின்றது. நானும் மூடியும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்டபடி அல்ல, வரிசையாக, ஒரே திசையைப் பார்த்து, முதல் வரிசையை மட்டும் முக்கியமானவர்களுக்கென்று காலியாக விட்டுவிட்டு. எதிரே வெறும் சுவர். முதலாளி கணக்கரிடம் அன்பாகச் சாய்ந்து, “எப்ப வந்தீங்க? வீட்ல யாரும் வரலியா?” என்றார். அதே கணக்கரிடம் அதற்கு முன் அவர் ஒரு நாளும் வீட்டைப் பற்றி விசாரித்ததில்லை. பெருக்குகிற அம்மா, “பையன் நல்ல வேலைல இருக்கானாம்” என்றார். “மைக் சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி” என்று டீக்காரர் குறைபட்டுக்கொண்டார். மைக் கிடையாது, பையனும் கிடையாது.

மூடிக்குத்தான் முதலில் புரிந்தது. நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, “சாப்பாடு ரெடி” என்று குரல் கொடுத்தாள். எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். முதலாளிதான் முதலில் வந்தார்.

வெளியே வந்து தன்னிலை அடைந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. “மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் பேத்து எடுங்க. அரைச்சு, அம்பது வாளியைப் போட்டுக் கலக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“என்ன ஊசி?”

“இல்ல, உங்கப்பாவை”

“போதும், புரிஞ்சுடுச்சு. எனக்குப் பாதி போதும். அவருக்குத்தான் முழுசா சொல்லணும். ஒழுங்கா சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு அப்பாவைத் தேடிப் போனாள். மெஷின் இல்லாத இடத்துக்கு மேஸ்திரி வரமாட்டார். ஆனால் கோணல் என்று கேள்விப்பட்டால் சொர்க்கத்திலிருந்தும் இறங்கி வருவார். “அப்பா, மாதிரி ரூம்ல ஒரு பலகை ஓரம் தூக்கிட்டு” என்றாள். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

நேராக நடந்துவந்து வலது காலை உள்ளே வைத்தார். தரை தன் வேலையைத் தொடங்கியது. எத்தனையோ கல்யாணங்களில் மந்திரிகளையும் மாமியார்களையும் உட்காரவைத்த தரை அது. இந்தப் பக்கமோ, பிறந்ததிலிருந்து மடங்காத முழங்கால். அவர் நிலைக்கதவைப் பிடித்தார். கதவு முனகியது. முழங்கால் துருப்பிடித்த கீலைப்போலக் கத்தியது. கொஞ்சம் தாழ்ந்தார், மீண்டும் நிமிர்ந்தார். வெளியே ஊசி மெஷின்கள் எல்லாம் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு கதவை விட்டார். நிதானமாக நடந்துபோய், காலியாக இருந்த முதல் வரிசையில், நடுவில், உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவர் வேறெங்கே உட்காருவார்?

“அப்பாடா” என்றார்.

அந்தக் குரலில் அவர் அதுவரை பேசியதில்லை. மூடி உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மரியாதையாகப் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

“உக்காந்தா இப்படியா இருக்கும்?” என்று மகளிடம் கேட்டார்.

“இப்படித்தான்பா இருக்கும்.”

“ஒருத்தரும் சொல்லலியே.”

“சொல்லத்தான் வந்தாங்க. நீங்க நின்னு கேட்டாத்தானே.”

அவர் சிரித்தார். மூடி திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பிடரியைப் பார்த்துச் சொன்னேன். “ஐயா, நான் உங்க”

அவர் போகவில்லை. “சொல்லுப்பா” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை காலமும் நான் தயார் பண்ணியதெல்லாம் முதல் பாதி மட்டும்தான். ராவும் பகலும் அதை இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன். இரண்டாம் பாதிக்கு ஒரு நாளும் தேவை வராததால் அதைச் செய்து வைக்கவே இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சுவரில் பல்லி ஒன்று நகர்ந்தது. அதுவும் என் பதிலுக்காக நின்ற மாதிரி இருந்தது.

“என்னப்பா, நான் உங்க? ஊர்க்காரனா?” என்றார் மேஸ்திரி. “இவ்வளவு நாளா அதைத்தான் சொல்ல வர்றேன்னு நெனச்சேன். ஊர்க்காரன்னா உடனே லீவு கேப்பாங்க. அதான் நிக்காம போயிடுவேன்.”

“உங்க பொண்ணைக் கட்டிக்கிறேன்னு சொல்ல வர்றார்பா” என்றாள் மூடி.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே என்ன தெரிந்ததோ, வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்குச் சம்மதமா?”

“சம்மதம் இல்லாமயா அவர் வாக்கியத்தை நான் முடிச்சு வைக்கிறேன்?”

“அதுவும் சரிதான். முடிச்சு வைக்க ஆள் இல்லைன்னா இவன் பாவம்” என்றவர், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தட்டினார். “சரி மாப்ள.”

“ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்களேப்பா?”

“வரட்டுமே. கல்யாண வீட்டுக்கு வர்றவங்களை வேணாம்னு சொல்ல முடியுமா? உக்கார வைங்க.”

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அவரை எழுப்ப முடியவில்லை. மூடி கஷ்டப்பட்டு வாசலுக்குப் போய், “சாப்பாடு ரெடி” என்றாள். நான் எழுந்து ஓடினேன். அவர் அசையவில்லை. “எல்லாரும் சாப்பிடட்டும்மா. பொண்ணைப் பெத்தவன் கடைசில சாப்பிட்டாப் போதும்” என்றார். ஆலையில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிப்பது எப்போது? ஒரு ஷிப்ட் முடிந்தால் அடுத்த ஷிப்ட். அப்படியே உட்கார்ந்திருந்தார். பேர்க்க வந்தவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். மெஷின்கள் அவர் இல்லாமலே ஓடின. ஒன்றுகூட உட்காரவில்லை. யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் கேட்டிருக்கும், கேட்காத மாதிரி இருந்தார்.

கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த அறையில் நடந்தது. நாற்காலி வாடகைக்கு எடுக்கவில்லை. பெண் கேட்க வந்த குடும்பம் நிலைப்படி தாண்டியதும் உட்கார்ந்தது, வாழ்த்தியது, சாப்பிட்டது, ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று என் கையைக் குலுக்கியது. எதற்காகக் கிளம்பி வந்தோம் என்பது அவர்களுக்கு ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்ததாம். கடைசிப் பந்தி வந்ததும் மேஸ்திரியும் சாப்பிட எழுந்தார். தரையைப் பிறகு நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே பேர்த்து, வாளியும் கூடையும் கலந்து அரைத்து, ஒரு பஸ் நிலையத்துக்குப் போட்டோம். அங்கே பஸ் வந்து நின்றபிறகும் எழாமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் பிள்ளைகுட்டிகளை விசாரித்துக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சோடு பேச்சாகக் கை பாட்டில் மூடியைத் திருகி எடுத்துத் தனியே வைத்துவிடும். கேட்டால், “அது வேற சாதி, இது வேற சாதி, சேர்ந்தா நூல் அறும்” என்பாள். சாயங்காலம் வேலை விட்டதும் படிக்கட்டில் உட்கார்ந்து என் புருவத்துப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுப்பாள். வெயில் சாய்ந்து, கழுவிய பாட்டில் சில்லுக் குவியலின் மேல் விழும். அந்தக் குவியல் பளபளவென்று எரியும். உலகத்துப் பழச்சாறுகள் அத்தனையும் கலந்த ஒரு வாசனை அதிலிருந்து வரும். நான் ஏதாவது சொல்லத் தொடங்குவேன். பாதியில் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். மிச்சத்தை அவள் சொல்வாள். நான் நினைத்ததைவிட அது எப்போதும் நன்றாகவே இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் வாய். கையைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்லும்: எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.